ஏழாவது கேள்வி சாரதாதேவியுடையது

பாரிசில், ரூ லூயி-பிளாங் தெருவில் மடுத்தீனின் பயண முகவர் நிலையத்தில், விமானச் சீட்டுப் போடும் மேசையைத் தாண்டிப் போனால், போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மேசை இருக்கிறது. புதன்கிழமைகளிலும் சனிக்கிழமைகளிலும் அங்கே சாரதாதேவி இருப்பார். பிரெஞ்சுக் கடிதம் வந்து விளங்காதவர்களும், பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டியவர்களும் அவரைத் தேடி வருவார்கள். வீட்டு வாடகை உதவி, பிள்ளையின் பள்ளி மாற்றம், வதிவிட விசாக் காட் புதுப்பித்தல் என்று எதுவானாலும் எழுதிக் கொடுப்பார். மற்ற நாட்களில் பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கன்ரீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதுதான் அவருடைய வேலை.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்துநான்கு வயதில் பாரிசுக்கு வந்தபோது 'பொன்ஜூர்' என்ற ஒரு சொல்தான் தெரியும். பிரெஞ்சைப் படித்தது வகுப்பில் அல்ல. கன்ரீனில் பிள்ளைகள் அவருடைய உச்சரிப்பைத் திருத்தினார்கள். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை அகராதி வைத்து வரிவரியாக வாசித்து மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார். அதனால் அவர் பேசும் பிரெஞ்சு பிள்ளைகளின் பிரெஞ்சு, எழுதும் பிரெஞ்சு அலுவலகங்களின் பிரெஞ்சு. இரண்டுக்கும் நடுவில் உள்ளது தனக்கு வராது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பதினைந்து வருடமாக மற்றவர்களுக்காக 'நான்' என்று எழுதிக் கொடுத்தவர், தன் பெயரில் ஒரு கடிதம் எழுதியதில்லை. குடியுரிமைக்கு ஒரு தரம் அனுப்பிய விண்ணப்பம் ஏதோ தாள் குறைகிறதென்று திரும்பி வந்தது. இரண்டாம் தரம் அரைவாசி நிரப்பி அலுமாரியில் வைத்துவிட்டார். பத்து வருட விசா இருக்கிறது, அது போதும் என்று நினைத்தார்.

சென்ற வருடம் பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் றொபின்சன் வந்தார். யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க் கடல் தொழிலாளி, முப்பத்தாறு வயது. கடலோரக் காணி ஒன்றுக்காக ஊரார் நடத்திய போராட்டத்தில் முன்னுக்கு நின்றதால் மிரட்டல் வந்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு தடித்த கடிதம் வந்திருந்தது.

சாரதாதேவி முதல் பக்கத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். "தம்பி, நிராகரிச்சிருக்கினம்," என்றார். "ஆனால் மேல்முறையீட்டுக்கு நாள் இருக்கு. இருங்கோ, ஏன் எண்டு பாப்பம்."

கடிதத்தோடு நேர்முக விசாரணையின் எழுத்துப் பிரதியும் இருந்தது. விசாரணை அதிகாரி பிரெஞ்சில் கேட்டிருந்தார். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் கேள்விகளைத் தமிழிலும் பதில்களைப் பிரெஞ்சிலும் ஆக்கியிருந்தார். நிராகரிப்பின் மூன்றாம் பத்தியில், விண்ணப்பதாரர் தாமே பொலிசாரிடம் 'கதைகள் சொன்னதாக' ஒப்புக்கொண்டுள்ளார், ஆகவே அவருடைய மற்றக் கூற்றுகளையும் நம்ப முடியவில்லை என்று இருந்தது. பிரதியின் பதினோராம் பக்கத்தில் அந்த வசனத்தையே கண்டார்.

"பொலிசிலை போய்ப் பொய் சொன்னனீங்களோ?"

றொபின்சன் திகைத்துப் போனார். "நானோ? ஐயோ அக்கா! மிரட்டினவங்களைப் பற்றி முறைப்பாடு குடுக்கப் போனனான். அதைத்தான் இவையளுக்கும் சொன்னனான். பொலிசிலை போய்க் கதைச்சனான், அவையள் ஒண்டும் செய்யேல்லை எண்டு."

சாரதாதேவி அந்த வசனத்தை மறுபடியும் மறுபடியும் வாசித்தார். பிழை எங்கே நுழைந்தது என்று பிடிபடவில்லை. அப்போது சென்னைக்குச் சீட்டு எடுக்க வந்து, மடுத்தீன் கணினியில் தேடி முடிக்கும் வரை காத்திருந்த ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். அக்ஷரா என்பது அவள் பெயர், திருச்சிக்காரி, பாரிசில் அரசியலமைப்புச் சட்டம் படிக்கிறாள்.

"சாரி அக்கா, காதுல விழுந்துச்சு. 'கதைச்சேன்'னா உங்க ஊர்ல பேசினேன்னுதானே அர்த்தம்? நான் இங்க வந்த புதுசுல எனக்கே புரியல. எங்க பக்கம் கதைன்னா கதைதான். கதை விட்டான், கதை கட்டினான்னு சொல்லுவோம். அந்த மொழிபெயர்ப்பாளர் எங்க ஊர்க்காரரா இருந்தா அப்படித்தான் எடுத்திருப்பாரு."

றொபின்சன் அவளையும் சாரதாதேவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மனிதன் தன் உயிருக்குப் பயந்து பேசியது, பேசினேன் என்று சொன்ன அந்தச் சொல்லிலேயே பொய்யாகிப் போயிருந்தது.

சாரதாதேவி அன்றைக்கே சட்டத்தரணிக்கு எழுதினார். விசாரணை ஒலிப்பதிவு செய்யப்பட்டிருக்கும். அதைக் கேட்டு அந்த வசனத்தைத் திருத்த வேண்டும் என்று மேல்முறையீட்டில் சேர்க்கச் சொன்னார். றொபின்சனைப் பொறுத்தவரை அவரால் செய்யக்கூடியது அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில் இன்னொன்று அவரை உறுத்தியது. பழைய பிரதிகள் எத்தனையை அவரே வாசித்துக் கொடுத்திருக்கிறார்! எத்தனையில் இந்தச் சொல் இருந்ததோ? பிரெஞ்சு வசனம் சரியாக இருந்ததால் தமிழ் வசனத்தை அவர் கேட்டுப் பார்த்ததேயில்லை.

அடுத்த சனிக்கிழமை தன் சீட்டை வாங்க வந்த அக்ஷரா நேரே சாரதாதேவியின் மேசைக்கு வந்தாள். "அக்கா, நியூஸ் பாத்தீங்களா? அந்த அகதி ஆபீசுக்குப் புதுத் தலைவர் வர்றாரு. ப்ரெசிடென்ட் ஒருத்தர் பேரைச் சொல்லியிருக்காரு."

"ஜனாதிபதி சொன்னால் வந்திட்டார் தானே."

"இல்லக்கா, இன்னும் வரல. இது அரசியலமைப்போட பதின்மூணாவது ஆர்ட்டிகிள் பதவி. பேரைச் சொன்னப்புறம் நேஷனல் அசெம்பிளில ஒரு கமிட்டி, செனட்ல ஒரு கமிட்டி, ரெண்டும் அவரைக் கூப்பிட்டு எல்லாரும் பாக்குற மாதிரி கேள்வி கேக்கும். பேர் வந்து எட்டு நாளாவது கழிச்சுத்தான் கேக்கணும். அப்புறம் ரகசிய வோட்டு. ரெண்டு கமிட்டி வோட்டையும் சேர்த்து அஞ்சுல மூணு பங்கு வேண்டாம்னு விழுந்தா, ப்ரெசிடென்டால அவரைப் போட முடியாது."

சாரதாதேவி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்ப வேண்டாம் எண்டு சொல்லத்தான் கூட ஆள் வேணும். பாதிப்பேர் வேண்டாம் எண்டாலும் ஆள் வந்திடும்."

"கரெக்ட்!" அக்ஷராவுக்கு வியப்பு. "எங்க கிளாஸ்ல இதைப் புரிஞ்சுக்க ஒரு வாரம் ஆச்சு."

"வந்திடும் எண்டால் பேந்தென்னத்துக்குக் கேக்கிறது?"

"கேள்வி கேக்குற எடத்துல சொன்ன பதில் எழுத்துல நிக்கும்ல? அசெம்பிளி கமிட்டில இதுக்குன்னு ரப்போர்த்தர்னு ஒரு அறிக்கையாளரைப் போடுவாங்க, எதிர்க்கட்சி பக்கத்துல இருந்து. அவங்க முதல்லயே எழுத்துல கேள்வி அனுப்பி, எழுத்துல பதில் வாங்குவாங்க. இந்தத் தடவை மதாம் வெர்னியோல்னு ஒரு தெப்யுதே, நம்ம எம்.பி. மாதிரி. அவங்களுக்கு நீங்க எழுதுங்களேன்."

"நானோ? எனக்கு இஞ்சை வோட்டே இல்லை, பிள்ளை."

"லெட்டர் எழுத வோட்டர் கார்டு கேக்க மாட்டாங்க, அக்கா."

அன்று மாலை சாரதாதேவி சமையலறை மேசையில் தாளை விரித்தார். கணவர் தவரத்தினம் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் உள்ள உணவகத்தில் சமையல்காரர். அன்று அவருக்கு விடுமுறை. வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"ஆருக்குக் கடிதம்?"

"பாராளுமன்றத்துக்கு."

தவரத்தினத்தின் கை நின்றது. "உமக்கென்ன விசரே? ஜனாதிபதி போடுற ஆளைப் பற்றி நாங்கள் கேக்கிறதோ? எங்கடை நாட்டிலை ஆரும் கேட்டு உருப்பட்டவையே?"

"கேக்கச் சொல்லித்தான் இஞ்சை சட்டமே எழுதி வைச்சிருக்காம்."

"சட்டம் அவையளுக்கு. பேரைக் குறிச்சு வைச்சு நாளைக்கு விசாவிலை கை வைச்சால்?"

அந்தப் பயம் சாரதாதேவிக்கும் இல்லாமலில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய் அரிசி களைந்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். முதல் வரி எழுதவே அரை மணித்தியாலம் போனது. மற்றவர்களுக்கு எழுதும்போது பேனாவுக்கு முன்னால் வந்து நிற்கும் வசனங்கள், தனக்கென்று வந்தபோது ஒளித்துக்கொண்டன. கடைசியில் மிக எளிமையாகத் தொடங்கினார்: 'மதிப்புக்குரிய அம்மணி, நான் ஒரு பள்ளிக் கன்ரீன் தொழிலாளி. தமிழ் எனது தாய்மொழி. தமிழில் சொன்ன ஒரு சொல் பிரெஞ்சில் எப்படிப் பொய்யாக மாறியது என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.'

றொபின்சனின் பெயரை எழுதவில்லை. அவருடைய வழக்கில் தலையிடும்படியும் கேட்கவில்லை. ஒரே மொழிக்குள் இரண்டு கரைகள் இருப்பதை விளக்கிவிட்டு, இரண்டே விஷயம் கேட்டார். விண்ணப்பத்தில் 'தமிழ்' என்று மட்டும் இல்லாமல் எந்த நாட்டுத் தமிழ் என்றும் குறிக்க இடம் இருக்குமா? விசாரணை முடிந்ததும் எழுதிய பிரதியை விண்ணப்பதாரரின் மொழியில் அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டுவார்களா? ஒன்றரைப் பக்கத்தில் முடித்துக் கையொப்பம் வைத்தார். தவரத்தினம் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்க அவ்வளவு வராது; கையொப்பத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். காலையில் வேலைக்குப் போகும்போது கடிதத்தைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

ஐந்தாம் நாள், கன்ரீனில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மதாம் வெர்னியோலின் செயலாளர் பேசினார். கடிதத்தை மதாம் வாசித்தார், நன்றி. ஆனால் ஒரே ஓர் உதாரணம் என்றால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் கிடைக்குமா? பெயர்கள் வேண்டாம், வசனங்கள் போதும். மூன்று நாளுக்குள்.

அந்த மூன்று நாளும் சாரதாதேவி தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அலைந்தார். தான் முன்பு எழுதிக் கொடுத்தவர்களைக் கடைகளிலும் உணவகங்களின் பின்கட்டிலும் தேடிப் பிடித்தார். சிலர் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெட்டியிலிருந்து பழைய தாள்களை எடுத்துத் தந்தார்கள். சிலர் "முடிஞ்சதைக் கிண்டாதேங்கோ அக்கா" என்று கதவைச் சாத்தினார்கள். மரக்கறிக் கடையில் வேலை செய்யும் சவிரிமுத்து முதலில் மறுத்துவிட்டு, தெருமுனை வரை பின்னால் ஓடி வந்து தன் பிரதியைக் கொடுத்தார். பதினான்கு பிரதிகளில் அந்தச் சொல் நான்கு இடத்தில் கதையாகியிருந்தது. நான்கையும் உரியவர்களின் சம்மதத்தோடு, பெயரை மறைத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் அக்ஷரா ஓடி வந்தாள். ரப்போர்த்தர் அனுப்பிய கேள்விகளும், ஜனாதிபதி முன்மொழிந்த மொசியு லெஸ்த்ராத் எழுதிய பதில்களும் பாராளுமன்றத்தின் இணையப் பக்கத்தில் வந்திருந்தன. ஏழாவது கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியது. சாரதாதேவியின் இரண்டு கோரிக்கைகளும் ஏறக்குறைய அவருடைய சொற்களிலேயே இருந்தன. பதில் நான்கு வரி: மொழிபெயர்ப்பாளர்கள் தகுதி பார்த்தே தெரிவு செய்யப்படுகிறார்கள்; தரம் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது; வேட்பாளர் இதில் மிகுந்த கவனம் செலுத்துவார்.

அலுவலகக் கடிதங்களை இருபத்தெட்டு வருடமாக வாசித்துப் பழகிய சாரதாதேவிக்கு அந்த நான்கு வரியின் பொருள் உடனே விளங்கியது. "இது பதில் இல்லை. 'உங்கள் கடிதம் கிடைத்தது' எண்டுறதை நீட்டி எழுதியிருக்கிறார்," என்றார்.

மொசியு லெஸ்த்ராத்திடம் கமிட்டி கேள்வி கேட்கும் விசாரணை ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு. பள்ளிக்கூடம் இல்லாத நாள். மடுத்தீன் தன் கணினித் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தார். றொபின்சனும் அக்ஷராவும் வந்தார்கள். இரண்டாம் நேர வேலைக்குப் போக வேண்டிய தவரத்தினம், "சும்மா வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு கதவோரம் நின்றார். திரையில் ஒரு நீண்ட அறை. நடுவில் மொசியு லெஸ்த்ராத், நரைத்த முடி, முன்னால் ஒரு கட்டுக் குறிப்பு. தன் வாழ்க்கையையும் பதவிகளையும் பற்றிப் பதினைந்து நிமிடம் நன்றாகப் பேசினார்.

பிறகு மதாம் வெர்னியோல் கேட்கத் தொடங்கினார். வயதான, குரல் தாழ்ந்த பெண்மணி. பல கேள்விகளுக்குப் பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏழாவது கேள்விக்கு நீங்கள் எனக்குப் பதில் எழுதவில்லை," என்றார். "ஆகவே திரும்பக் கேட்கிறேன். ஒரு தமிழ்ச் சொல்லை வாசிக்கப் போகிறேன், என் உச்சரிப்பை மன்னியுங்கள்."

அவர் வாசித்தார்: "க-தெ-ச-னான்."

பயண முகவர் நிலையத்தில் றொபின்சன் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நாட்டுத் தமிழருக்கு இதன் பொருள் 'நான் பேசினேன்'. மற்ற நாட்டுத் தமிழர் ஒருவர் இதை 'நான் கதை சொன்னேன்' என்று எடுக்கக்கூடும். என்னிடம் நான்கு பிரதிகள் இருக்கின்றன. நான்கிலும் பேசினேன் என்றவர் கதை சொன்னவராக எழுதப்பட்டிருக்கிறார். தகுதி பார்த்தே எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எந்தத் தகுதி பிடித்திருக்கும்?"

மொசியு லெஸ்த்ராத் குறிப்புகளைப் புரட்டினார். பிறகு புரட்டுவதை நிறுத்தினார். "எனக்கு இது தெரியாது, அம்மணி," என்றார். "தெரியும் என்று சொன்னால் அது பொய்யாகும்."

"செய்யக்கூடியது என்ன?"

"எந்த நாட்டு வழக்கு என்று விண்ணப்பத்தில் குறிக்க வைப்பது கடினமில்லை. நியமிக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் செய்வேன். எல்லாப் பிரதிகளையும் திருப்பி வாசிப்பதற்கு ஆட்கள் தேவை. அதை உடனே எல்லா இடத்திலும் செய்வதாக வாக்குக் கொடுக்க முடியாது. தொலைபேசி வழி நடக்கும் விசாரணைகளில் தொடங்குவேன்."

"இது பதிவாகிறது," என்றார் மதாம் வெர்னியோல்.

அக்ஷரா சாரதாதேவியின் தோளைப் பிடித்து உலுப்பினாள். சாரதாதேவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்ததால் முகங்கள் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

பிற்பகலில் செனட்டின் விசாரணையும் முடிந்தபின் இரண்டு இடத்து வோட்டுகளும் ஒரே நேரத்தில் எண்ணப்பட்டன. எண்பத்தெட்டு வோட்டில் வேண்டாம் என்றவை முப்பத்தைந்து. தடுப்பதற்கு ஐம்பத்துமூன்று வேண்டும்.

றொபின்சனின் முகம் வாடிப் போனது. "அப்ப அவர்தானே வந்திட்டார், அக்கா."

"வரட்டும்," என்றார் சாரதாதேவி. "ஆள் வராமல் மறிக்க நான் எழுதேல்லை. வாற ஆள் தெரிஞ்சுகொண்டு வரட்டும் எண்டுதான் எழுதினனான். காலமை 'எனக்குத் தெரியாது' எண்டவர். இனி அவர் அப்பிடிச் சொல்லேலாது."

கதவோரம் நின்ற தவரத்தினம் வேலைக்குப் பிந்திவிட்டார். போகும்போது மடுத்தீனிடம், "என்ரை மனுசியின்ரை கேள்வி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

றொபின்சனின் மேல்முறையீடு ஜூலையில் விசாரணைக்கு வந்தது. பாராளுமன்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சட்டத்தரணி ஒலிப்பதிவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கொடுத்திருந்தார்; நீதிமன்றத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவர்; அந்த வசனத்தை ஒரே மூச்சில் சரியாகச் சொன்னார். மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அவருக்குப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. றொபின்சன் கடையில் நின்றபடியே பாஷையூருக்கு அழைத்தார். மனைவி அழுதாரா சிரித்தாரா என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்றார் மடுத்தீன்.

ஆறு மாதம் என்று சொல்லியிருந்தது எட்டு மாதமானது. புதிய விண்ணப்பப் படிவத்தில் மொழிக்குக் கீழே நாட்டு வழக்கைக் குறிக்க ஒரு வரி வந்தது. திருப்பி வாசிப்பது தொலைபேசி விசாரணைகள் சிலவற்றில் மட்டும் நடக்கிறது. மற்றவற்றில் இன்னும் இல்லை. ஒரு நாள் மதாம் வெர்னியோலிடமிருந்து கடிதம் வந்தது. புதிய படிவத்தின் பிரதி ஒன்றும், பாராளுமன்ற அமர்வைப் பார்க்க இரண்டு பேருக்கு அழைப்பும் உள்ளே இருந்தன.

தவரத்தினம் கல்யாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டார். வாசல் சோதனையில் சாரதாதேவியின் பையில் சாப்பிடவென்று இருந்த ரோல்ஸ் பார்சலைக் காவலர் வாங்கி வைத்துக்கொண்டு இலக்கத் துண்டு கொடுத்தார். மேல்மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தால், உறுப்பினர்கள் மேசையில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன, சின்னக்கடைச் சந்தை மாதிரிக் கிடக்கு," என்றார் தவரத்தினம்.

"சத்தம் போடாதேங்கோ. எங்களைத்தான் பிடிச்சு வெளியிலை விடுவினம்."

அமர்வு முடிந்ததும் மதாம் வெர்னியோல் நடைபாதையில் பத்து நிமிடம் அவர்களோடு நின்றார். "உண்மையைச் சொன்னால், ஜனாதிபதி அனுப்பிய ஒருவரைக்கூட என்னால் இதுவரை மறிக்க முடியவில்லை," என்றார். "ஐந்தில் மூன்று என்பது பெரிய மலை. ஆனால் நாங்கள் கேட்கப் போகிறோம் என்பது தெரிவதால் அவர்கள் படித்துக்கொண்டு வருகிறார்கள். எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் எனக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை."

சாரதாதேவி தயாராகத்தான் வந்திருந்தார். "மற்ற விசாரணைகளிலும் திருப்பி வாசிக்கிற வேலை எப்ப தொடங்கும் எண்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமோ?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

கேட்கலாம் என்றார் மதாம் வெர்னியோல். நியமனம் முடிந்த பிறகும் பாராளுமன்றக் கமிட்டி ஆளை அழைக்க முடியும். வசந்த காலத்தில் அழைப்பதாக இருக்கிறார்கள். பெப்ரவரிக்குள் எழுதி அனுப்புங்கள் என்றார்.

இருவரும் வெளியே வந்து பாலத்தில் நடந்தார்கள். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. காவலர் திருப்பிக் கொடுத்த ரோல்ஸைத் தவரத்தினம் பிரித்து ஒன்றை மனைவியிடம் நீட்டினார். கொஞ்சத் தூரம் போனபின், "அந்தக் குடியுரிமைத் தாளை அலுமாரியிலையிருந்து எடுத்துத் தூசு தட்டி வைச்சிருக்கிறன்," என்றார். "மிச்சத்தை நிரப்பிக் கையெழுத்தையும் நீர் போடும்."